பெல்வுட் வீட்டுச் சம்பந்தி

சுந்தரம்பாள் துபாய்க்கு வந்தது எண்பத்தொன்றில். இலங்கையில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள், கணவர் இறந்த பிறகு மகன் ரெங்கராஜைத் தங்கையிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினாள். ஜுமைராவில் எட்மண்ட் பெல்வுட் என்ற ஆங்கிலேயர் வீட்டில் சமையல் வேலை. அவர் ராஸ் அல் கைமா மலையடிவாரத்தில் ஒரு கல் குவாரியின் மேனேஜர். மனைவியை இழந்தவர். ஹேரியட் ஒரே மகள்.

தோட்டத்துத் துரைமாரைத் தூரத்திலிருந்தே பார்த்துப் பழகியவளுக்கு, இந்தத் துரை சமையலறையில் உட்கார்ந்து காலை உணவு சாப்பிட்டது முதலில் பெரிய சங்கடமாக இருந்தது. பிறகு அவர் சொல்லும் கதைகளுக்காகவே தோசையை மெதுவாக வார்க்க ஆரம்பித்தாள்.

பெல்வுட் குடும்பம் இங்கிலாந்தின் வடக்கே தலைமுறை தலைமுறையாக நிலமும் நிலக்கரிச் சுரங்கமுமாக வாழ்ந்த குடும்பம். ஊரில் பாதி அவர்களுடையது. அவருடைய தாத்தாவுக்கு அதுவும் போதவில்லை. சொந்த மாளிகைக்கு அடியிலேயே கரி வெட்டச் சொன்னார். மாளிகை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. விருந்து மேசையில் ஆரஞ்சுப் பழத்தை வைத்தால் அது தானாக உருண்டு பாதிரியார் மடியில் போய் விழுமாம். அதற்காகவே அவரை எப்போதும் அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்களாம். நாற்பத்தேழில் அரசாங்கம் சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. விரிசல் விட்ட மாளிகையையும் பின்னால் இடித்துவிட்டார்கள். பெல்வுட் இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் தணிந்துவிடும். அப்படிப்பட்ட வீடுகளுக்கு எங்கள் ஊரில் லயம் என்று பெயர் என்றாள் சுந்தரம்பாள். அவர் அந்தச் சொல்லைப் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

எண்பத்தாறின் தொடக்கத்தில் ஒருநாள், வீட்டுக் கார் ஓட்டும் சிவகங்கைக்காரன் மாயாண்டி மீன் பையோடு சமையலறைக்குள் வந்தான்.

"அக்கா, சேதி தெரியுமா? ஹேரியட் பாப்பாவுக்குக் கல்யாணம். ஜெபல் அலி போர்ட்ல இஞ்சினியரா இருக்காருல்ல ஆலன், அவருதான் மாப்பிள்ளை. அவுக அப்பா யாருங்கிறீக? நம்ம சார் குடும்பத்துச் சுரங்கத்துல கரி வெட்டுனவரு."

"தொர ஒத்துக்கிட்டாரா?"

"மோதிரம் வாங்க வண்டிய எடுக்கச் சொன்னதே அவருதான்."

சுந்தரம்பாளுக்கு அன்று மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டது. ஊரில் ரெங்கராஜ் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகளை விரும்பினான். கேசட்டில் பேசி அனுப்பும்போதெல்லாம் அதைத்தான் சொன்னான். லயத்துப் பிள்ளைக்கு அந்த எண்ணம் வேண்டாம் என்று அவளும் ஒவ்வொரு முறையும் பதில் பேசி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் தந்தை டாம் ரட்டர் வருகிறார் என்றதும் பெல்வுட்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விருந்தினர் அறையின் திரைச்சீலையை மாற்றச் சொன்னார்; மறுநாள் பழையதையே போடச் சொன்னார். கூடத்தில் மாட்டியிருந்த பழைய மாளிகையின் படத்தை அவரே கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தார். பதினான்கு வயதில் நம் சுரங்கத்தில் இறங்கியவர் முன்னால் அது எதற்கு என்றார்.

டாம் ரட்டர் கம்பளிக் கோட்டோடு, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். கட்டை குட்டையான ஆள். இரண்டு பேரும் கைகுலுக்கிவிட்டு, விமானம் எப்படி, வெயில் எப்படி என்று பேசி முடித்தார்கள். சுந்தரம்பாள் இருவருக்கும் தேநீர் கொடுத்துவிட்டுத் தட்டோடு நின்றாள். டாமின் கண் சுவரில் வெளிறித் தெரிந்த சதுரத்துக்குப் போனது. இங்கே என்ன மாட்டியிருந்தது என்று கேட்டார். பெல்வுட் முகம் சிவந்து, படத்தை எடுத்து வந்தார்.

டாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு தோட்டத்து மதிலில் விரலை வைத்தார்.

"இந்த இடத்தில் ஏறித்தான் நான் பிளம்ஸ் பழம் திருடினேன். மரத்தையே மொட்டையாக்கிவிட்டேன்."

பெல்வுட் நிமிர்ந்தார். "அது நீங்களா? அதற்கு அப்பாவிடம் பிரம்படி வாங்கியவன் நான்."

"அப்படியா? பழம் ரொம்ப நன்றாக இருந்தது."

பெல்வுட் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்த முடியாமல் நாற்காலியில் சாய்ந்தார். டாம் சிரித்த சிரிப்பில் கோப்பையிலிருந்த தேநீர் கோட்டில் கொட்டியது. சுந்தரம்பாள் தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்கு ஓடிப்போய்த் தானும் சிரித்தாள்.

கோட்டைத் துடைக்க டாமும் பின்னாலேயே வந்தார். அந்த இடம் பிடித்துப்போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தன் பெட்டியையும் அங்கேயே கொண்டுவந்து திறந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். தன் தோட்டத்தில் வளர்த்த லீக்ஸ், வெங்காயத்தாள் மாதிரி ஒரு கீரைத்தண்டு. குழந்தையின் தொடைப் பருமன். நுவரெலியாச் சந்தையிலும் இவ்வளவு பெரிய லீக்ஸை அவள் பார்த்ததில்லை. பொடிப்பொடியாக அரிந்து, மாசிக் கருவாடும் செத்தல் மிளகாயும் போட்டு வதக்கிச் சோற்றோடு வைத்தாள். டாம் கண்ணில் நீர் வழிய, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். பெல்வுட்டும் தட்டோடு வந்து சேர்ந்தார்.

கல்யாணம் வீட்டுத் தோட்டத்திலேயே நடந்தது. ஹேரியட் சுந்தரம்பாளைத் தன் பக்கத்து மேசையில் உட்கார வைத்தாள். பர் துபாயில் வாங்கிய அரக்குப் பட்டில் அவள் முதலில் கூனிக் குறுகித்தான் உட்கார்ந்தாள். பெல்வுட்டும் டாமும் தோளில் கை போட்டுக்கொண்டு, சுதி சேராமல் தங்கள் ஊர்ப் பாட்டு ஒன்றைப் பாடினார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், பாட்டு முடியும் முன்பே மாயாண்டியைக் கூப்பிட்டாள்.

"தம்பி, எனக்கு லீவு வேணும்னு தொரகிட்ட நீயும் ஒரு வார்த்த சொல்லு. ஊர்ல ஒரு பொண்ணு கேக்கணும்."

சித்திரையில் ஊருக்குப் போனாள். தங்கையைக் கூட்டிக்கொண்டு, வெற்றிலைத் தட்டோடு கணக்கப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றாள்.

"ஐயா, எங்க ரெங்கராஜு ஒங்க மகள விரும்புறான். புள்ளைக்கும் இஷ்டமின்னா, முறையா கேட்டுட்டுப் போக வந்தேன்."

கணக்கப்பிள்ளை கூரையைப் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல்தான் வந்தது.

"கேக்க வர இவ்வளவு நாளா? புள்ள ஒரு வருஷமா வாசலப் பாத்துக்கிட்டு நிக்கிறா. உள்ள வந்து உக்காருங்க."

கணக்கப்பிள்ளையும் எழுந்து பாயை விரித்தார்.

கல்யாணத்தை முடித்துவிட்டுத்தான் சுந்தரம்பாள் திரும்பினாள். பெல்வுட் கொடுத்த லீவைத் தாண்டி வெகுநாளாகிவிட்டது. அவர் கோபிக்கவில்லை. இத்தனை நாளும் மாயாண்டியோடு பர் துபாய் மெஸ்ஸில் இரண்டு வேளையும் பரோட்டா சாப்பிட்டு, கால்சட்டை எதுவும் இடுப்பில் ஏறாத நிலையில் இருந்தார். சம்பந்தி வீட்டுப் பலகாரம் கொண்டுவந்தாயா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.