கயிறு பிடித்தவன் முகம்

ஏழு வருஷமாக வளனுக்கு மச்சான் கஸ்பார் மேல் ஒரு கடுப்பு. சங்கு குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிக்க, பெண்டாட்டி கூடப்பிறந்தவனைத்தான் வைப்பார்கள். தங்கச்சி தாலி தன் கையில் இருக்கும்போது அவன் கண் அசரமாட்டான் என்ற நம்பிக்கை. அப்படிப்பட்ட கஸ்பார், வளனுக்கு இடது காது போன மறு வாரமே கயிற்றை விட்டுவிட்டு மட்டக்கடைத் தெருவில் ஜெராக்ஸ் கடை போட்டுவிட்டான். ஏன் என்று ஒரு வார்த்தை கிடையாது.

காது போன அன்றைக்கு அடியில் காற்றுக் குழாய் அடைத்துக்கொண்டது. வளன் கயிற்றை மூன்று தரம் இழுத்தான். மேலே அசைவில்லை. தானே உதைத்து ஏறினான், காதில் ரத்தம். "கயிறு பார்ல சிக்கிட்டு மாப்ள" என்றான் கஸ்பார். கடலடியில் பாறைக்கா பஞ்சம்? வளன் நம்பினான்.

நம்பாதது வேறு. வள்ளத்தில் கஸ்பார் ஒரு சின்ன நோட்டில் எதையோ கிறுக்குவான். ஆள் வந்தால் நோட்டு மடிக்குள் போய்விடும். கடையிலும் பின்னறைக்கு எப்போதும் பூட்டு. கஸ்டம்ஸுக்குத் துப்பு எழுதுகிறான் என்றே வளன் முடிவு கட்டியிருந்தான்.

போன மாதம் திரேஸ்புரம் டீக்கடையில், உப்பு லாரி ஓட்டும் விளாத்திகுளத்துக்காரர் ஆவுடையப்பன் ஒரு படக்கதைப் புத்தகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"எழுதுனவன் பேரப் பாரும் அண்ணாச்சி. விளாத்திகுளம் வேந்தனாம்! எங்க ஊர்க் கெணத்துலயே தண்ணி கெடையாது, இவன் நடுக்கடல்ல ஆள எறக்குதான். வெளிநாட்டுக்காரன் கதையப் பாத்து அடிச்சிருப்பான்."

வளன் வாங்கிப் புரட்டினான். படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி, ஆனால் படம் போதும். பகலில் உப்பளத்தில் எல்லாரும் கேலி செய்கிற மூட்டைக்காரன், மறைவில் ஆழ்கடல் வீரன். அவன் தோளில் பறந்தது வெளிநாட்டுத் துணியில்லை. மாதா சப்பரத்துக்கு முன்னால் கோயில் சபைக்காரர்கள் போட்டு நடக்கிற நீல மேலங்கி. குதிக்குமுன் கழுத்தில் தொங்கும் மாதா படம் தைத்த உத்தரியத்தைப் பல்லில் கடித்துக்கொண்டான். அந்தப் பழக்கம் இந்தக் கரையில் வளன் ஒருவனுக்குத்தான் உண்டு.

கடைசிப் பக்கத்தில் வீரன் கயிற்றை மூன்று தரம் இழுக்கிறான். மேலே கயிறு காலடியில் கிடக்க, ஒருவன் குனிந்து நோட்டில் வரைந்துகொண்டிருக்கிறான். அவனுக்கு முகம் மட்டும் போடவில்லை.

டீயைக் குடிக்காமலே வளன் மட்டக்கடைக்குப் போனான்.

"இங்கன வேந்தன்னு ஒருத்தன் இருக்கானாமே?"

கஸ்பார் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பின்னறையைத் திறந்தான். சுவரெல்லாம் வளன்தான், நீல மேலங்கியோடு.

"கயிறு பார்ல சிக்கிட்டுன்னீரே மச்சான்?"

"சிக்கல. நீ எறங்குத அழக வரஞ்சிக்கிட்டு இருந்தேன். பாக்கல."

"பொறவு எதுக்கு ஓடிப் போனீரு?"

"திரும்பக் கயித்தப் புடிச்சா, திரும்பவும் வரைவேன். என்ன எனக்குத் தெரியும்லா."

வளன் கேட்கிற காதை அவன் பக்கம் திருப்பி நின்றான். இதிலும் பாதி பொய்யோ என்று அந்த முகத்தையே பார்த்தான்.

"பேர எதுக்கு ஒளிச்சீரு? எனக்குப் பயந்தா?"

"ஒனக்கு இல்ல." கஸ்பார் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். அந்தப் பிடி அன்றைக்குக் கயிற்றில் இருந்திருக்க வேண்டியது. "புஸ்தகத்தக் கிழி, என்ன அடி, என்ன வேணும்னாலும் செய்யி மாப்ள. கயித்த நான்தான் விட்டேன்னு என் தங்கச்சி அனுஜாகிட்ட மட்டும் சொல்லிராத."