ராமசாமி அண்ணனின் காதும் எங்கள் ஹெட்ஃபோனும்

தேங்காய் எண்ணெய், டால்கம் பவுடர், கொஞ்சம் வியர்வை… ஒரு காலை முழுக்கப் பல தலைகள் ஏறி இறங்கிய ஹெட்ஃபோனின் பஞ்சு அப்படித்தான் மணக்கும்.

அப்போது நான் ஈப்போவில் ஒரு செவித்திறன் ஆராய்ச்சிக் குழுவில் உதவியாளர். முதல் வேலை. ரப்பர் ஆலையில் காலமெல்லாம் உழைத்தவர்களுக்கு எந்த அளவுக்குக் காது கேட்கிறது என்பதுதான் ஆராய்ச்சி.

இடம், சிலிம் ரிவர் பக்கம் ஒரு பழைய தோட்டம். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆலையை மூடிவிட்டார்கள். ஆட்கள் மட்டும் அங்கேயே இருந்தார்கள்.

ஹெட்ஃபோனைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடன் வேலை செய்த சரவணனுக்கு. அவன் பாட்டுப் பைத்தியம். ஸ்டூடியோவில் பாடகர்கள் மாட்டுகிற மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இத போட்டா கொசு தும்முறதுகூட கேக்கும்லா!"

மெத்தென்று, அழகாகத்தான் இருந்தது. பெட்டிக்குள் ஓம், வோல்ட் என்று ஏதோ மின் அளவுகள் அச்சடித்த தாள். அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

தோட்டத்து மண்டபத்தின் பின்னறையில் காது சோதிக்கிற மிஷினை வைத்தோம். முதலில் வந்தவர் லெட்சுமி அக்கா. ஆலையில் ரப்பர் ஷீட் அடித்தவர். கணவர் ராமசாமி அண்ணனைக் கையோடு இழுத்து வந்திருந்தார். அண்ணன் ஆலையின் வெளி கேட்டில் ஜாகா, காவல் வேலை.

"இவருக்குத்தான் பாக்கணும்மா. கூப்பிட்டா திரும்பவே மாட்டாரு. காது சுத்தமா பேகாக்!"

அண்ணன் சாந்தமாகச் சிரித்தார்.

சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அண்ணன் அழுத்தவில்லை. சத்தத்தைக் கூட்டினேன்… அழுத்தவில்லை. இன்னும் கூட்டினேன்… ம்ஹூம்.

"நான் சொல்லல?" அக்கா முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

அடுத்து அக்கா உட்கார்ந்தார். அவரும் அழுத்தவில்லை.

"எனக்கா? எனக்கென்ன கோளாறு? பக்கத்து வீட்டுல தாளிக்கிறதுகூட கேக்கும் எனக்கு!"

அடுத்து கோயில் தலைவர், ஸ்கூல் பஸ் ஓட்டுநர், தே தண்ணி கொண்டுவந்த இளம்பெண்… ஒருவருக்கும் கேட்கவில்லை. செய்தி வெளியே பரவியது. வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"மச்சான்! நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குது, ஏன்டா கத்துற?"

சந்தேகம் வந்து நானே மாட்டிப் பார்த்தேன். எனக்கும் கேட்கவில்லை! சரவணன் மாட்டினான். முகம் வெளுத்துவிட்டது.

ஈப்போவில் இருந்த எங்கள் டாக்டருக்கு ஃபோன் போட்டோம். ஆராய்ச்சியை நடத்துகிற அம்மா அவர். கேட்ட முதல் கேள்வியே, "ஹெட்ஃபோன் எத்தன ஓம்?"

சரவணன் பெட்டியைக் கிளறித் தாளைப் பார்த்துச் சொன்னான். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"ஓம் கூடுனா அத ஓட்ட வோல்ட்டேஜும் கூட வேணும்பா. நீங்க கொண்டு போனது சின்ன மிஷின். அதால அவ்ளோ குடுக்க முடியாது. அப்புறம் சத்தம் எங்கருந்து வரும்?"

சரவணன் விடுகிற ஆளா… காரிலிருந்து, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய குட்டி ஹெட்ஃபோனை எடுத்து வந்தான். அது நேர் எதிர். ஓம் ரொம்பக் குறைவு. மிஷினால் கொடுக்க முடியாத அளவுக்குக் கரண்ட்டை இழுத்தது. 'பீ…' என்று சுத்தமாக வர வேண்டிய சத்தம் 'கர்ர்ர்' என்று உடைந்து வந்தது.

லெட்சுமி அக்கா கழற்றி மேசையில் வீசினார்.

"என்னப்பா, காதுக்குள்ள மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் பண்றீங்க?"

மத்தியானம் டாக்டரே காரோட்டி வந்துவிட்டார். கையில் பார்க்கச் சகிக்காத ஒரு கறுப்பு ஹெட்ஃபோன். தலையை இடுக்கி மாதிரி பிடிக்கும்.

"அழகு பாத்து எடுக்கிற சாமான் இல்ல இது. மிஷின் குடுக்கிறது இதுக்குப் போதணும். இதுவும் அத தாங்கணும். அளவுக்கு மேல குடுத்தா உள்ள இருக்கிற கம்பிச் சுருள் கருகிரும். கல்யாணத்துக்கு ரெண்டு ஜாதகமும் பாக்கிற மாதிரிதான்."

மறுபடியும் ராமசாமி அண்ணன். பொத்தானை அழுத்தினார். சத்தத்தைக் குறைத்தேன். அழுத்தினார். கிசுகிசுப்பு அளவுக்குக் குறைத்தேன்… சட்டென்று அழுத்தினார்.

டாக்டர் சந்தோஷத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, உங்க வயசுக்கு அருமையான காது!"

லெட்சுமி அக்கா மெதுவாகத் திரும்பினார்.

"அப்ப… இத்தன வருஷமா நான் பேசுனதெல்லாம் கேட்டுச்சா?"

அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே…

"அம்மா… மொதல்ல ஒரு பெரிய ஹெட்ஃபோன் போட்டீங்களே… அத இன்னொரு தடவ போட்டுப் பாக்கலாமா?"

இன்றைக்கும் இதே வேலைதான் செய்கிறேன். இப்போது மிஷினும் ஹெட்ஃபோனும் ஜோடியாகவே வருகின்றன. தப்பானதை மாட்டினால் திரையிலேயே திட்டிவிடும். யாரும் பதறுவதில்லை. ஊரே வாசலில் நின்று கத்துவதும் இல்லை. வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது… அவ்வளவுதான்.

போன மாதம் ஜெலாப்பாங் மார்க்கெட்டில் இருவரையும் பார்த்தேன். மகள் வீட்டோடு வந்துவிட்டார்களாம். அண்ணன் காதில் செவிக்கருவி.

"இப்ப நெசமாவே கேக்கலம்மா," என்றார் அக்கா. "மகதான் மிஷின் வாங்கிக் குடுத்தா. ஃபோன்லருந்து பாட்டு நேரா காதுக்குள்ள போகுதாம். நான் பேசுறேன், இவரு தலையாட்டுறாரு. எனக்கு ஆட்டுறாரா, பாட்டுக்கு ஆட்டுறாரா, தெரியல."

அண்ணன் அப்போதும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார்.

"கேட்டுப் பாக்க வேண்டியதுதானே அக்கா?"

அக்கா அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார்.

"வேணாம்லா… எனக்குத்தான்னு நெனச்சுக்கிறேன்."