அண்ணன் கையில் தவறிய கிழக்கு

அண்ணன் ஏரிச் சேற்றில் முழங்கால் வரை புதைந்து நின்ற காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து சொன்னாள். நான் போய்ச் சேர்வதற்குள் படகுக்காரர்கள் அவனைக் கைத்தாங்கலாகக் கரையேற்றியிருந்தார்கள். சேற்றுக்குள் கிடந்த ஆளிச் சிப்பி ஓடுகள் கிழித்து இரண்டு பாதங்களிலும் ரத்தம். ஒரு கையில் மடக்குக் கோல், இன்னொரு கையில் போன். அந்த நிலைமையிலும் போன் பேசிக்கொண்டிருந்தது. "கிழக்கு" என்றது. அவன் முகமோ வடக்கே பார்த்திருந்தது.

என் அண்ணனுக்குச் சர்க்கரை நோயால் பார்வை போய்விட்டது. முதலில் ஒரு கண் மங்கியது, அடுத்த மழைக்காலத்துக்குள் மற்றதும் போனது. அதுவரை கோட்டைக்குப்பத்திலிருந்து கடலுக்கும் ஏரிக்கும் போய்க்கொண்டிருந்தவன், வீட்டுக்குள் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். அப்படியே போய்விடுவானோ என்று பயந்தோம். பிறகு தானாகவே எழுந்து சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போனான். வரும்போது வெள்ளைக் கோலோடும் பேசும் போனோடும் வந்தான். படகுத்துறையில் பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்து வலை பிரிப்பதும் கயிறு முடிவதும் கையால் செய்கிற வேலைதான், அதற்குக் கண் எதற்கு என்று கேட்டான்.

துறைக்குப் போவதில்தான் சிக்கல் இருந்தது. தெருவில் அவனுக்குக் கஷ்டமில்லை. சுவரும் வாசற்படியும் கால்வாய் ஓரமும் கோலில் தட்டுப்படும். தெரு முடிந்ததும் பெரிய மணல்வெளி. அங்கே கோலில் எதுவும் தட்டுப்படாது. காற்று விழுந்த நாளில் ஏரியின் சத்தமும் கேட்காது. நேர் கிழக்கே நடந்தால் துறை, கொஞ்சம் வடக்கே சாய்ந்தால் சேறு. அதனால் போனில் திசை காட்டும் செயலியைப் போட்டுக்கொண்டு, தெருமுனையில் நின்று அது "கிழக்கு" என்று சொல்லும் வரை உடம்பைத் திருப்பி, அந்தப் பக்கமே நடந்து பழகியிருந்தான். பல மாதங்கள் ஒழுங்காகப் போய் வந்தான்.

அண்ணி என் மாமன் மகள், என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். எங்களுக்குள் வாடி, போடிதான். அன்று அவள் என் அண்ணனின் காலைக் கழுவிக்கொண்டே தீர்மானமாகச் சொன்னாள்.

"இனிமே வாசப்படி தாண்டாத. சக்கர கால் இது. புண்ணு ஆறலன்னா இன்னா ஆவும்னு தெரியும்ல?"

"ஆறட்டும். ஆறினதும் போவேன்" என்றான் அண்ணன்.

"போன நம்பி இன்னொரு தபா போய் எங்க வுழுவ?"

அண்ணன் நான் நின்ற பக்கம் திரும்பினான். "பாப்பா, கால் ஆறத்துக்குள்ள இதுல இன்னா கோளாறுனு பாத்துச் சொல்லு. நைனா செத்தப்பகூட நான் ஒரு வாரத்துல கடலுக்குப் போனவன். என்னால குந்திக்கினு இருக்க முடியாது."

நான் பொன்னேரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போனில் பேசுவேன், படம் பார்ப்பேன், அவ்வளவுதான். ஆனாலும் சரி என்றேன். சொன்ன பிறகு விட முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வீடியோக்களாகப் பார்த்தேன். போன் சாய்வதை உணர ஒன்று, திரும்புவதை உணர இன்னொன்று, பூமியின் காந்தத்தை உணர்ந்து வடக்கைக் காட்ட வேறொன்று என்று உள்ளே தனித்தனியாகச் சின்னச் சின்னச் சில்லுகள் இருக்கின்றனவாம். எது கெட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிக்க வேண்டும்.

அன்று மாலையே தொடங்கினேன். போனைப் பக்கவாட்டில் திருப்பியபோது படம் அகலமாகத் திரும்பியது. மட்டம் பார்க்கும் செயலியில் குமிழி நடுவில் வந்து நின்றது. கூடத்தில் நடந்து பார்த்தேன், போன் எண்ணுகிற அடிகளின் கணக்கு சரியாக ஏறியது. ஆக, சாய்வும் அசைவும் சரி. திசை மட்டும்தான் தகராறு.

மறுநாள் போனை அணைத்து மறுபடி இயக்கினேன். உறையைக் கழற்றினேன். தகரக் கூரை, பைக், இரும்புக் கேட் எதுவும் பக்கத்தில் இல்லாத மணல்வெளியின் நடுவில் போய் நின்றேன். துறையில் நிற்கிற உயரமான விளக்குக் கம்பம் அங்கிருந்து நேர் கிழக்கு. திசை சரியாவதற்கு வீடியோவில் சொன்னபடி போனைக் காற்றில் எட்டு போடுவதுபோலச் சுழற்றிவிட்டுக் கம்பத்தைப் பார்த்து நீட்டினேன். "கிழக்கு" என்றது. சுற்றிவந்து மறுபடி நீட்டினேன். அதே பதில். வலை காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"இன்னாம்மா, போனுக்கு ஆரத்தி எடுக்கிற?"

"ஆமாம்மா, கண்ணு பட்ருச்சு" என்று சொல்லிவிட்டு வெற்றியோடு வீட்டுக்கு வந்தேன்.

தெருமுனையில் ஒரு நாற்காலி போட்டு, காலில் கட்டோடு அண்ணனை உட்காரவைத்து, போனைக் கையில் கொடுத்தேன். அவன் உட்கார்ந்தபடியே தெற்கை நோக்கித் திரும்பினான். "கிழக்கு" என்றது போன்.

அவன் பிடிக்கிற முறையில் தப்பு என்று நினைத்தேன். "தட்டு மாதிரி படுக்க வெச்சிப் புடி" என்றேன். பிடித்தான். அதே பேச்சு. அவன் கையாலேயே எட்டு போடச் சொன்னேன். சரியானது. அப்பாடா என்றிருந்தது. விரல் வலிக்கிறதென்று பிடியைச் சற்று மாற்றினான், உடனே திசை மறுபடி விலகியது.

பொன்னேரியில் ஒரு பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பொறுமையாகத்தான் பார்த்தார். அவர் மேசையில் எல்லாம் சரியாகக் காட்டியது. "சேத்துல நின்னாருன்னு சொல்றீங்க. தண்ணி பூந்திருக்கும். வர்றதும் போறதுமா பேஜார் பண்ணும்கா. வேற போன் பாத்துடுங்க" என்றார்.

தண்ணீர் புகுந்திருந்தாலும் அது போன் தப்பாகச் சொன்ன பிறகுதானே என்று பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. இருந்தாலும் வேறு போனில் பார்த்துவிடலாம் என்று என் கணவரின் போனில் அதே செயலியை ஏற்றினேன். மணல்வெளியில் என் கையில் அது கம்பத்தைச் சரியாகக் காட்டியது. தெருமுனை நாற்காலியில் இருந்த அண்ணன் கையில் கொடுத்தேன். விலகியது.

"ரெண்டு போனுமா கெட்டுப் போச்சு?" என்றான் சோர்ந்துபோய்.

எனக்கோ உடம்பெல்லாம் புது ரத்தம் ஓடியது போலிருந்தது. "போன் ரெண்டும் நல்லாத்தான் கீது. உன்கிட்டதான் இன்னாமோ கீதுண்ணா. எழுந்து நில்லு."

கோலை வாங்கித் தள்ளி வைத்தேன். மாற்றமில்லை. சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்தேன். இல்லை. இடுப்புப் பெல்ட்டைக் கழற்றச் சொன்னேன். அதுவும் இல்லை.

"தெருவுல நிக்க வெச்சித் துணிய உருவிடுவ போலக்கீது" என்றான்.

"இடது கைய நீட்டு" என்றேன். முழுக்கைச் சட்டையை மடக்கியபோது மணிக்கட்டில் ஒரு கறுப்புக் காப்பு. அவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

"அத விடு."

"இன்னாது அது?"

"உன் அண்ணி போட்டுவுட்டது. விடுன்னா விடு."

நான் விடவில்லை. புடவையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துக் காப்பின் பக்கம் கொண்டுபோனேன். 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. காப்பு முழுக்கக் காந்தம். அவன் போன் பிடிக்கிற கை அது. போனுக்குள் இருக்கிற சில்லு பூமியின் காந்தத்தோடு மணிக்கட்டுக் காந்தத்தையும் சேர்த்து உணர்ந்திருக்கிறது. எட்டு போட்டால் அதற்கும் ஈடு கட்டிக்கொள்கிறது, பிடி கொஞ்சம் மாறினால் ஈடு கலைந்துவிடுகிறது.

அவன் மெதுவாகத்தான் சொன்னான். திருவிழாக் கடையில் விற்றார்களாம். நரம்புக்கு நல்லது, ரத்த ஓட்டம் சீராகும், போன பார்வைகூடத் திரும்பும் என்று விற்றவன் சொன்னானாம். அண்ணி வாங்கிவந்து, சாமி கும்பிட்டுவிட்டு மாட்டியிருக்கிறாள். அவன் சேற்றில் நின்றது அதற்கு மறுநாள்.

"இதால பார்வ வராதுனு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். அவளுக்குத் தெரிய வேணாம். நான் கைய மாத்திப் புடிச்சிக்கிறேன்."

கோலை இடது கைக்கு மாற்றிக் கொஞ்ச தூரம் நடந்து காட்டினான். கோல் கால்களுக்கு நடுவில் சிக்கியது. இன்னொரு முறை முயன்று நாற்காலியில் இடித்துக்கொண்டான். அவன் பல்லைக் கடிக்கிறது தெரிந்தது. எத்தனை நாளானாலும் இடது கைக்குப் பழகிக்கொள்வேன் என்றான். அந்தப் பழக்கத்துக்கு இன்னொரு தரம் சேற்றில் இறங்க வேண்டுமா என்று கேட்டேன்.

"நான் சொல்லட்டுமா அண்ணிகிட்ட?"

"வேணாம். நானே சொல்றேன். நீ பக்கத்துல இரு."

அண்ணி பின்கட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டான். போனுக்கும் காப்புக்கும் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் திசை தப்பியது என்றான். நான் போனைக் காட்டினேன். அவன் காப்புப் போட்ட கையை அருகில் கொண்டுவந்ததும் திரையில் திசை முள் சுழன்றது, விலக்கியதும் பழைய இடத்துக்கு வந்தது. அவள் அதையே பார்த்தாள். பிறகு இறாலைக் கையிலெடுத்து உரிக்கத் தொடங்கினாள். நானாவது ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"பார்வ திரும்பாதுனு டாக்டர் சொன்னப்ப நானும் கூடத்தான குந்தினு இருந்தேன். எனக்கு மட்டும் காது கேக்கலியா? இன்னாவாவது செய்யணும்னு தோணுச்சு. செஞ்சேன்."

அண்ணன் கீழே உட்கார்ந்துவிட்டான். பார்வை வராது என்பது இருவருக்குமே தெரிந்திருக்கிறது, நெடுநாளாக ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். எனக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது. அவன் காப்பைக் கழற்றி அவள் பக்கம் நீட்டினான். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். என்னைப் பார்த்து, "எவ்ளோ தள்ளி இருந்தா முள்ளு திரும்பாது?" என்று கேட்டாள்.

அதை நான் சோதித்திருக்கவில்லை. அண்ணனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு மூவருமாக மணல்வெளியின் ஓரத்துக்குப் போனோம். காப்பை முழங்கையில் வைத்துப் பார்த்தோம், முள் ஆடியது. கணுக்காலில் கட்டலாம் என்றாள் அண்ணி. சர்க்கரைக் காலில் எதையும் இறுக்கக் கூடாதென்று நர்ஸ் சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன். கடைசியில் அவளே அவன் அரைஞாண் கயிற்றில், முதுகுப் பக்கமாகக் கட்டிவிட்டாள். போனை நெஞ்சுயரத்தில் நீட்டிப் பிடித்தான். விளக்குக் கம்பத்துக்கு நேராக நின்றபோது "கிழக்கு" என்றது. பிடியை மாற்றினான், திரும்பினான், மீண்டும் வந்தான். பிசகவில்லை.

"கழட்டிப் போட்டா மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும். இடுப்புலயே கெடக்கட்டும்" என்றாள் அண்ணி.

"கெடக்கட்டும்" என்றான் அவனும்.

புண் ஆற நாளாகியது. கட்டுப் பிரித்த பிறகும் அண்ணி சீக்கிரம் விடவில்லை. தடித்த அடிப்பாகம் வைத்த செருப்பு வாங்கிவந்த பின்தான் சம்மதித்தாள். அந்தக் காலையில் நாங்கள் இருவரும் பின்னால் வருவோம், ஆனால் ஒரு வார்த்தை பேச மாட்டோம் என்று ஒப்பந்தம். காற்று துளிகூட இல்லை. தெருமுனையில் நின்று எட்டு போட்டான். திரும்பினான், போன் சொன்னது, நடந்தான். பாதி தூரத்தில் ஒரு நாய் குறுக்கே ஓடியதில் நின்றுவிட்டான். உடம்பு வடக்கே திரும்பியிருந்தது. அண்ணி என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "வடகிழக்கு" என்றது போன். அவன் அவசரப்படவில்லை. அது கிழக்கு என்று சொல்லும் வரை மெல்ல மெல்லத் திரும்பி, மறுபடி நடந்தான். அவன் கோல் விளக்குக் கம்பத்தில் மோதிய சத்தம் எங்களுக்குக் கேட்டது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவன் உட்கார்ந்து கையை நீட்டினான். ஒருவர் வலையின் ஓரத்தை அவன் மடியில் வைத்தார்.

இப்போதும் இயந்திரத்துக்கோ நங்கூரத்துக்கோ பக்கத்தில் நின்றால் போன் உளறும். அவன் அதற்கு உஷாராகிவிட்டான். இரண்டு திசைகளை மாற்றி மாற்றிச் சொன்னால் தள்ளிப் போய் எட்டு போடுவான், அப்போதும் சந்தேகம் என்றால் நின்று யாரையாவது கூப்பிடுவான். கூப்பிடுவதில் அவனுக்கு வெட்கமில்லை. யாராவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதுதான் பிடிக்காது.

அடுத்து ஆரம்பாக்கத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குத் தனியாகப் போக வேண்டும் என்கிறான். பஸ்ஸை விட்டு இறங்கினால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே இரும்புக் கேட்டுகள் இருக்கின்றன என்று பார்த்துவர, வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணியும் நானும் போகிறோம்.