தனம் அக்கா தேடி எடுத்த சம்பளப் பதிவு

கல்லங்குறிச்சி கோயில் வாசலில் செருப்பை விட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தனலட்சுமி அக்காவின் மகள் பேசினாள். "அம்மா போயிட்டாங்க சார். காலையில காபி குடிச்சாங்க. சாஞ்சவங்க எந்திரிக்கல." கோயிலுக்குள் போகாமல் பெரம்பலூர் பஸ் ஏறினேன்.

மருத்துவமனையில் அவரோடு வேலை பார்த்த நமக்கெல்லாம் அவர் தனம் அக்கா. வார்டு உதவியாளர். நான் மருந்தாளுநர். அவருடைய கைவேகமும் கண்டிப்பும் நீங்கள் அறிந்தவைதான். நான் அருகிலிருந்து பார்த்த ஒரு காரியத்தை மட்டும் சொல்கிறேன்.

அவருடைய தாத்தா மூக்கன், வாலிகண்டபுரத்தில் கூலி வேலை செய்தவர். இரண்டாம் உலகப் போரின்போது பட்டாளத்தில் சேர்ந்தார், திரும்பவில்லை. சம்பளத்தை வைத்துக்கொண்டு எங்கோ வேறு குடும்பம் நடத்துகிறார் என்று ஊர் முடிவு கட்டியது. அவர் மனைவி கருப்பாயி, புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலேயே களையெடுத்து ஒரு மகனை வளர்த்து, செத்தும் போனார். அந்த மகனின் மகள்தான் அக்கா.

அக்காவுடைய மகளின் நிச்சயதார்த்தத்துக்கு உடையார்பாளையத்திலிருந்து வந்த மாப்பிள்ளையின் பெரியப்பா, சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஓடிப்போன பட்டாளத்தான் வம்சமா நீங்க?" அக்கா தட்டு மாற்றி முடித்தார். மறுநாள் மருந்தகத்தில் வந்து நின்றார்.

"எங்க தாத்தா சம்பளம் யாருக்குப் போச்சுன்னு தெரியணும் சார். இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க."

படை ஆவண அலுவலகத்துக்கு எழுதிய மூன்று கடிதங்களுக்குப் பதில் இல்லை. நான்காவதற்கு, அப்படி ஒரு பெயரே இல்லை என்று வந்தது. அக்கா நம்பவில்லை. ரயிலேறி இருவரும் அந்த அலுவலகத்துக்கே போனோம். அங்கே தமிழ் தெரிந்த எழுத்தர் ஒருவர், "உங்க பக்கத்து ஆளுங்க மூட்டை தூக்கத்தான் போயிருப்பாங்க. சம்பளப் பதிவெல்லாம் இருக்காதும்மா" என்றார்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "இல்லேன்னு வாயால சொல்லாதீங்க சார். தேடிப் பாத்துட்டு எழுதிக் குடுங்க. வாங்கிட்டுப் போறேன்."

மூன்று நாள் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். தேடாமல் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட யாரும் துணியவில்லை. ஆகவே தேடினார்கள். மூன்றாம் நாள் ஒரு பதிவேட்டை என்னிடம் நீட்டினார்கள். பெயரும் ஊரும் ஆங்கில எழுத்தில் உருக்குலைந்து இருந்ததால் நான் தாண்டிப் போய்விட்டேன். வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, "நில்லுங்க, அது எங்க ஊருதான்" என்றார்.

சேர்ந்த அன்றே, தன் சம்பளத்தில் பாதிக்கு மேல் மனைவி கருப்பாயிக்கு அனுப்பச் சொல்லி மூக்கன் ரேகை வைத்திருந்தார். பர்மா எல்லையில் காய்ச்சலில் இறந்த மாதம் வரை பணம் போயிருக்கிறது. பின்னால் இணைத்திருந்த ரசீதில் 'கருப்பாயி' என்று அழகான கையெழுத்து.

அக்கா அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார். "எங்க அப்பத்தாவுக்கு எழுதவே தெரியாது சார்" என்றவர், உடைந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டது யார் என்று தேடலாமா எனக் கேட்டேன். "அவன் எப்பவோ செத்திருப்பான். உசுரோட இருக்கறவரு ஒருத்தரு எங்க தாத்தாவைப் பேசினாரு. அவரைப் பாக்கணும்."

முத்திரையிட்ட நகலோடு உடையார்பாளையம் போனோம். அதற்குள் மகள் அந்த வீட்டு மருமகள் ஆகியிருந்தாள். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். "தெரியாமப் பேசிட்டேம்மா."

"எங்கிட்ட வேண்டாங்க. உங்க வூட்டுக்கு வந்திருக்கற எம்பொண்ணுகிட்ட சொல்லுங்க."

அவர் எழுந்தார். அடுப்படிப் பக்கம் பார்த்து மருமகளைக் கூப்பிட்டார். வீடு முழுக்கக் கேட்கும்படி, "உங்க அம்மாவோட தாத்தா ஓடிப்போகல தாயி. நான் சொன்னது தப்பு" என்றார்.

அந்த ஆடி அமாவாசைக்குத்தான் அக்கா வீட்டில் மூக்கனுக்கு முதல்முறையாகப் படையல் வைத்தார்கள். அதுவரை செத்தவருக்குச் செய்வதா, இருப்பவருக்காகக் காத்திருப்பதா என்று தெரியாமல் அந்தக் குடும்பம் எதுவுமே செய்ததில்லை.

கண்முன் இல்லாத மனிதனைப் பற்றி ஊர் எழுதும் தீர்ப்பை ஏற்க மறுக்கும் பிடிவாதம்: அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். வளைகுடாவில் வேலைக்குப் போன என் தங்கை கணவரிடமிருந்து ஏழு மாதமாகப் பேச்சில்லை. அவர் வேறு வாழ்க்கை தேடிக்கொண்டார் என்று எங்கள் வீட்டிலும் முடிவு கட்டிவிட்டார்கள். நானும் தலையாட்டியிருந்தேன். வரும் திங்கட்கிழமை, அவரைத் தேடித் தரச் சொல்லி மனு கொடுக்க, தங்கையை அழைத்துக்கொண்டு அரியலூர் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறேன்.