வீணாகாத தண்ணீருக்குப் பத்துப் புள்ளி

அந்த முட்டையைப் போட்டவள் நான்தான். வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் தரத்துக்குச் சுற்றாடல் படிப்பிக்கிறேன். போன வருஷம் ஒரு மாதம் முழுக்க நன்னீர்ப் பாடம். உலகத்தில் தண்ணீருக்குக் குறைவில்லை, குடிக்கக்கூடியது மட்டும் கொஞ்சம்தான் என்று தொண்டை வற்றக் கத்தினேன். பரீட்சையில் கடைசிக் கேள்வி: "உன் வீட்டில் தண்ணீர் வீணாகும் மூன்று வழிகளை எழுதுக." பத்துப் புள்ளி. எண்பதுக்கு மேல் எடுத்தவர்கள் பதுளையில் நடக்கும் தண்ணீர் தின விழாவுக்குப் போகலாம்.

எல்லோரும் புத்தகத்தில் இருந்ததை எழுதினார்கள். பல் துலக்கும்போது குழாயைத் திறந்துவிடுவது, ஷவரில் நெடுநேரம் குளிப்பது, கார் கழுவுவது. ஒரு சைக்கிள்கூட இல்லாத, லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் கார் கழுவினார்கள். நானும் கூசாமல் பத்துப் பத்தாகப் போட்டேன்.

ஒருத்தி மட்டும் ஒரே வரி எழுதியிருந்தாள்: "எங்கள் வீட்டில் தண்ணீர் வீணாவதில்லை." முட்டை. மொத்தம் எழுபத்தாறு.

இடைவேளையில் தாளோடு மேசைக்கு வந்தாள். அழவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை.

"டீச்சர், நான் எழுதுனது பொய்யில்லைங்க."

"சரி, அரிசி களைஞ்ச தண்ணிய என்னா செய்வீங்க?"

"சட்டி கழுவுவோம்."

"அதுக்கப்புறம்?"

"போஞ்சிக் கொடிக்கு ஊத்துவோம். மூஞ்சி கழுவுற தண்ணியும் கீழே பேசின் வச்சுப் புடிச்சிருவோம். கச்சான் காத்து அடிச்சுக் காயுறப்ப, லயத்துக்கே இருக்குற ஒத்தப் பீலியில தண்ணி நூலாட்டம்தானே டீச்சர் வரும். காலையில அஞ்சு மணிக்கு வரிசையில நின்னாத்தான் ரெண்டு வாளி. அதுல எதை வீணாக்குறது?"

எனக்கு முகம் சுட்டது. லுணுகலைப் பக்கத்து லயத்தில் அதே மாதிரி பீலியடியில் வாளியோடு நின்று வளர்ந்தவள் நான். ஹாலிஎலையில் குழாய் உள்ள வாடகை வீட்டுக்கு வந்து ஆறு வருஷத்தில் அதையெல்லாம் சுத்தமாக மறந்திருக்கிறேன். பொய்க்குப் பத்து, உண்மைக்கு முட்டை. என்னைப் போல ஒரு டீச்சர் அன்றைக்கு எனக்கு வாய்த்திருந்தால் நான் எங்கே இருந்திருப்பேன்?

முட்டையை வெட்டிவிட்டுப் பத்து எழுதினேன். எண்பத்தாறு.

புள்ளி மாறியது தெரிந்து பாடசாலை அதிபர் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, மேலிடம் என்றால் மட்டும் கொஞ்சம் நடுங்குவார்.

"விடைத் திட்டத்துல மூணு வழி இருக்கணும்னு போட்டிருக்கு டீச்சர். புள்ளியைப் பழையபடி மாத்துங்க."

"மாத்த மாட்டேன் சேர்."

"அப்புறம் எல்லாப் பிள்ளையும் ஒரு வரி எழுதிட்டுப் போயிரும்."

"எழுதட்டும். இந்தத் தோட்டத்துல தண்ணி வீணாகுற வீடு ஒன்னு காட்டுங்க, அந்தப் பிள்ளைக்கு நானே முட்டை போடுறேன். வீணாக்குறவங்கள விட்டுட்டு, வாளி தூக்குற புள்ளைகிட்டப் போய் நீ என்னத்த வீணாக்குறன்னு கேக்குறோமே, நமக்கு வெக்கமா இல்லையா சேர்?"

"மேலேருந்து கேட்டா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

திருத்திய இடத்தில் முழுக் கையெழுத்தும் போட்டு, தாளை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதை எடுக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை.

விழாவுக்கு அவளும் வந்தாள். எங்களோடு அதிபரும் வந்தார். மண்டபத்தில் ஒரு பெரியவர் தண்ணீரின் அருமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பிள்ளைகள்தான் நாளைய காவலர்கள் என்றார். பக்கத்தில் போத்தல் போத்தலாகத் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஒரு மிடறுதான் குறைந்திருந்தது. பேசி முடித்து, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்.

அவள் எழுந்து நின்றாள்.

"சேர், வெளிய கை கழுவுற எடத்துல குழாய் ஒழுகுதுங்க. இறுக்கிப் பாத்தேன், நிக்கல. வாளி ஒன்னு குடுத்தீங்கன்னா வச்சிட்டு வந்துருவேன்."

வாளி தேட முதலில் எழுந்து போனவர் எங்கள் அதிபர்.