கந்தப்பன் போட்ட பங்கு

தலவாக்கலைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் தீபாவளிக்கு ஆடு வெட்டினால், பங்கு போடக் கந்தப்பனைத்தான் கூப்பிடுவார்கள். ஆட்டை யார் வேண்டுமானாலும் வெட்டலாம். கூறு வைப்பதுதான் கஷ்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எத்தனை வீடு சேர்ந்து ஆடு வாங்கியதோ அத்தனை வாழையிலை. ஒவ்வோர் இலையிலும் தொடையில் கொஞ்சம், நெஞ்செலும்பில் கொஞ்சம், கொழுப்பில் கொஞ்சம், கட்டாயமாக ஈரலில் ஒரு துண்டு. ஈரல் விழாத கூறு ஒன்று இருந்துவிட்டால் அன்றைக்கு லயத்தில் வேறு வெடி தேவையில்லை. கந்தப்பன் வைத்த கூறில் ஒன்று கூடியதும் இல்லை, ஒன்று குறைந்ததும் இல்லை. அந்தப் பெருமை அவருக்கு நிறைய இருந்தது. நியாயமான பெருமைதான். ஆட்டோடு அதை நிறுத்தியிருந்தால் யாருக்கும் தொல்லையில்லை.

மற்ற நாட்களில் அவர் பெரிய பங்களாவில் அப்பு, அதாவது தொரைக்குச் சமைத்துப் பரிமாறுகிறவர். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருசம் அப்போதிருந்த தொரை சீமைக்கு மூட்டை கட்டினார். பங்களா வாசலில் சாமான்கள் ஏலம் போயின. தொரைசாணி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பீங்கான் செட்டும் போயிற்று. நீலப் பூ, தங்க விளிம்பு, பன்னிரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். தட்டுகளை ஒரு தொரை எடுத்தார், கோப்பைகளை இன்னொருவர், தேத்தண்ணி ஊற்றும் மூக்குக் கூஜாவை டிக்கோயா டாக்டர். யாரும் சீந்தாமல் கிடந்த, கோப்பைக்கு அடியில் வைக்கும் பீரிசுகளைத் தொரைசாணி கந்தப்பன் பக்கம் தள்ளினாள்.

"முழுசா இருந்தா சொத்து, அப்பு. இப்போ ஒண்ணும் இல்லே" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த 'முழுசு' கந்தப்பனைப் பிடித்துக்கொண்டது. அடுத்த பதினைந்து வருசம் அவர் அதன் பின்னாலேயே அலைந்தார். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக ஊருக்குப் போகப் போக, அவர்கள் விட்டுப்போன பாத்திரங்களுக்காக அந்தந்தப் பங்களா அப்புமாரைத் தேடிப் போனார். ஒருவருக்கு நாட்டுக்கோழி கொடுத்தார். ஒருவருக்குப் புட்டிங் பக்குவம் சொல்லிக்கொடுத்தார். இன்னொருவர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூலி வாங்காமல் சமைத்தார். கூஜா வந்து சேர்ந்தபோது மூடியைக் காணோம். அது ராகலையில் ஒரு வீட்டில் தயிர்ச்சட்டியை மூடிக்கொண்டிருந்தது. கொட்டுகிற மழையில் பஸ் ஏறிப் போய் அதை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பெற்ற பிள்ளைகளைக்கூட அவர் அப்படி மடியில் வைத்ததில்லை என்று மனைவி காளியாயி கடைசிவரை சொல்லிக்காட்டினாள்.

செட்டு நிறைந்ததும், ஹட்டனில் பழைய சாமான் கடை வைத்திருந்த முதலாளி வந்து பார்த்தார். ஒரு தட்டைத் திருப்பி அடியில் இருந்த முத்திரையைப் பார்த்தார். பிறகு அவர் சொன்ன விலையைக் கேட்டுக் காளியாயி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சொத்து வந்தது, கூடவே பயமும் வந்தது. அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி செத்தபோது, கருமாதி முடியுமுன்னே அவருடைய பொன் கடிகாரத்துக்காக மகன்மார் கட்டிப் புரண்டதைக் கந்தப்பன் பார்த்திருந்தார். இன்றுவரை ஒருவன் வாசலை மற்றவன் மிதிப்பதில்லை. கந்தப்பனுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் செல்லசாமி அதே லயத்தின் கோடியில், காம்பரா என்னும் தனி அறையில் குடும்பத்தோடு இருந்தான். இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தவன், விசா முடிந்ததும் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏற வேண்டியவன். பூரணி ராகலையில் வாழ்க்கைப்பட்டவள். கடைசி முத்துலிங்கம் தோட்டத்து ஃபெக்டரியில் வேலை செய்தான். கட்டிக்கொடுத்தவளுக்கு என்ன பங்கு என்று அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. தம் கண் மூடிய பிறகும் மூவரும் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அதனால் உயிரோடு இருக்கும்போதே பங்கு போட்டுவிடத் தீர்மானித்தார்.

"வித்துப்புட்டுக் காசப் பிரிச்சுக் குடுத்தா என்னாங்க?" என்று கேட்டாள் காளியாயி.

"ஆட்ட வித்துக் காசப் பங்கு போட்டா அது தீவாளியா புள்ள? பொருளா கையில குடுக்கணும். அவுங்கவுங்க பங்க அவுங்கவுங்க வித்துக்கட்டும். ஒருத்தர ஒருத்தர் ஏமாத்த வழியே இல்ல பாரு."

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரையும் உட்காரவைத்து, தரையில் கம்பளியை விரித்துக் கூறு வைத்தார். தட்டும் கோப்பையும் பீரிசும் ஆளுக்கு நாலு. பெரிய கறிப் பாத்திரம் ஒருவருக்கு, பால் செம்பு ஒருவருக்கு, சீனிக் கிண்ணம் ஒருவருக்கு. கடைசியில் கூஜா மட்டும் நடுவில் நின்றது. எல்லார் கண்ணும் அதன்மேல்தான். இந்த ஆட்டுக்கு ஈரல் அதுதான். கந்தப்பன் கொஞ்ச நேரம் பார்த்தார். கூஜாவைச் செல்லசாமி கூறில் வைத்தார். மூடியைக் கழற்றிப் பூரணி கூறில் வைத்தார். கூஜா உட்காரும் தட்டை முத்துலிங்கத்துக்குப் போட்டார்.

"ஈரல் எல்லாருக்கும் விழுந்திருச்சு" என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"சேக்கப் பதினஞ்சு வருசம், பிரிக்க ஒரு காலைப்பொழுது" என்று சொல்லிவிட்டுக் காளியாயி அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அடுத்த வாரமே மூவரும் தனித்தனியாக, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், ஹட்டனுக்குப் போனார்கள். முதலாளி மூவருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்: "முழுசாக் கொண்டாங்க, அன்னைக்குச் சொன்ன வெல தாரேன். இதத் தேத்தண்ணிக் கடைக்காரன்தான் வாங்குவான்."

பிறகென்ன, கந்தப்பன் எதற்குப் பயந்தாரோ அது அவர் கையாலேயே வந்தது. ஆண்பிள்ளைகள் இருவரும் கூடிப் பேசி ராகலைக்குப் போனார்கள். சும்மா ஏதோ கொடுத்துத் பூரணி பங்கை வாங்கிவிடலாம் என்று எண்ணம்.

"இந்த மூடிய வச்சு நீ என்னாம்மா பண்ணப்போற? தயிர்ச்சட்டி மூடத்தான் ஆகும்" என்றான் செல்லசாமி.

"ஆமாண்ணே, அதுக்குத்தான் வச்சிருக்கேன்" என்றாள் பூரணி. "ஒங்க கூஜாவுக்கு வேற மூடி கெடைச்சா நல்லாப் போட்டுக்குங்க."

இருவரும் திரும்பி வந்து அப்பனிடம்தான் பாய்ந்தார்கள். "புத்தியுள்ளவன் எவனாவது கூஜாவையும் மூடியையும் பிரிப்பானா? அப்பாவுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்றான் முத்துலிங்கம். கங்காணி வீட்டுச் சண்டை கந்தப்பன் வீட்டுக்கே வந்துவிட்டது.

செல்லசாமியின் விசா முடியும் நாள் நெருங்கியதால் அவன்தான் முதலில் இறங்கி வந்தான். மூவருக்கும் சமபங்கு என்று பேசி முடித்து, ஆளுக்கொரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரே பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனார்கள். கடையில் பணம் மூன்று கூறாக மேசைக்கு வரும்வரை பூரணி மூடியை முடிந்துவைத்திருந்த முந்தானை முடிச்சை அவிழ்க்கவில்லை. பிறகு மூடியை எடுத்து அவளே கூஜாவில் வைத்தாள்.

கதை லயத்தில் பரவிற்று. "பொம்பளப் புள்ளைக்குப் பங்கு போய்ச் சேரணும்னுதானே மூடிய அங்க வச்சீங்க? என்னா மூளைங்க அப்பு ஒங்களுக்கு!" என்று வருகிறவர்கள் எல்லாம் மெச்சினார்கள். அப்படி ஒரு யோசனை அவருக்குக் கனவிலும் வந்ததில்லை. ஆனால் வீடு தேடி வருகிற புகழை யார் விரட்டுவார்கள்? தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார்.

பீங்கான் செட்டு வைக்கோல் சுற்றிய ஒரே பெட்டியில், ஒன்றும் பிரியாமல், கொழும்புக்குப் போயிற்று. புரட்டாசியில் செல்லசாமி பெண்டாட்டி பிள்ளைகளோடு தலவாக்கலையில் ரயில் ஏறினான். பூரணி ராகலையிலிருந்து தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். முத்துலிங்கம் பெட்டிகளை ஏற்றிவிட்டான். மூவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். கந்தப்பன் கேட்டது கிடைத்துவிட்டது. அதை ரயில் ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது. அவரும் அழுதார், வெட்கப்படாமல்.

அந்தத் தீபாவளிக்கும் ஆடு வெட்டினார்கள். கந்தப்பன் வழக்கம்போல வாழையிலைகளைப் பரப்பிக் கூறு வைத்தார். ஒவ்வொரு வீட்டாரும் வந்து எடுத்துப் போனார்கள். எல்லாரும் போன பிறகும் ஒரு கூறு அப்படியே இருந்தது.

"அப்பு, இது யாரு பங்கு?" என்று கத்தியைக் கழுவிக்கொண்டிருந்த மாயாண்டி கேட்டான்.

கந்தப்பன் பார்த்தார். தொடை, நெஞ்செலும்பு, கொழுப்பு, எல்லாம் சரியாக இருந்தன. ஈரலும் விழுந்திருந்தது. லயத்தின் கோடியில் பூட்டிக் கிடந்த காம்பராவை ஒருமுறை பார்த்தார்.

"எண்ணிக்கையில பெசகிட்டேன்பா" என்றார்.