ரெண்டு ஜோடிப் படம் ஓடிய நாட்கள்

தியேட்டரில் டிக்கெட் கொடுக்கிற வேலை என்றால் தினமும் ஓசியில் படம் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு முதலில் ஒரு கும்பிடு. கவுண்டருக்குள் உட்கார்ந்து வெந்தவர்களுக்குத்தான் தெரியும், நமக்கு வாய்ப்பது படத்தின் சத்தம் மட்டுமே. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருடங்களில் விருதுநகர் தியேட்டர் ஒன்றில் பெண்கள் வரிசைக்கு நான்தான் டிக்கெட் கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் கவுண்டர் ஓட்டைக்குள் நீளும் கைகளின் வளையல் சத்தம் காதில் கேட்கிறது.

என்ன படம்?

ஒரு பங்குனி மாதம் அந்தப் படம் வந்தது. போஸ்டரில் 'சைக்கலாஜிக்கல் திரில்லர்' என்று போட்டிருந்தார்கள். வரிசையில் வருகிற பெண்கள் டிக்கெட் வாங்கும் முன்னால், "அழுகப் படமா, சண்டப் படமா?" என்று கேட்பது வழக்கம். இதற்கு நான் என்ன சொல்ல? ஆபரேட்டர் அண்ணனிடம் கதையைக் கேட்டு வைத்துக்கொண்டேன்.

"ரெண்டு ஜோடி புருசன் பொண்டாட்டி. யாரு யாருக்குத் துரோகம் பண்ணுறாகன்னு கடைசி வரைக்கும் தெரியாது" என்றேன், பாண்டியன் நகரிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம். ஓட்டைக்குள் நீட்டிய கையை அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டார்.

"எங்க தெருவுலயே அதத்தான தெனம் பாக்கேன், இதுக்கு எதுக்குத்தா டிக்கெட்டு?"

மிளகாய் நெடி

எங்கள் தியேட்டருக்கு அடிக்கடி வரும் ஆமினா அக்காவின் கணவருக்கு மிளகாய் வத்தல் மண்டி. அவர் தியேட்டருக்குள் வந்து உட்கார்ந்தால் முன் வரிசைக்காரர்கள் தும்மத் தொடங்குவார்கள். அக்காவும் அவரும் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார்கள்.

படத்தில் ஒரு மனைவி, கணவன் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து முகர்ந்து பார்க்கிறாள். வேறொருத்தியின் சென்ட் வாசம். அங்கேதான் கதையே திரும்புகிறது. படம் விட்டதும் அக்கா என்னிடம் வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு கவலை. பின்னால் அவர் கணவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டு மனுசர் சட்டையில மொளகா நெடியத் தாண்டி ஒரு வாசமும் வராதேம்மா, நான் எங்கிட்டுப் போய் கண்டுபிடிக்க?"

முடிவைச் சொன்னவன்

மேட்னி விட்டு வருகிற கூட்டம் சாயங்கால ஆட்டத்துக்கு நிற்கிற வரிசையை ஒட்டித்தான் வெளியே போக வேண்டும். ஒரு நாள் ஒருத்தன் கைகளை வாயருகே குவித்து, "ஏலே, புருசன்தாம்லே கள்ளன்! பொண்டாட்டி ஒண்ணும் பண்ணல!" என்று கத்திவிட்டு ஓடிவிட்டான். பெண்கள் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. போச்சு, எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். முதலில் நின்ற பெண் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"நல்லவேள சொன்னான், இனிமே நிம்மதியா முறுக்கு திங்கலாம்."

ஆனைக்குட்டத்து பஸ்

முத்துமாரி ஆனைக்குட்டத்துக்காரி. பட்டாசு ஆபீசில் வேலை; பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குக் கணவன் கணேசனோடு வருவாள். அந்த ஞாயிறு அவளுக்குக் காய்ச்சல் என்று அவன் மட்டும் சேக்காளிகளோடு வந்து பார்த்துவிட்டுப் போனான். புதன்கிழமை மேட்னிக்கு முத்துமாரி தனியாக வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"படத்தப் பாத்துட்டு வந்ததுலருந்து அவருக்கு எம்மேல ஒரே சந்தேகம்க்கா. எம் போன வாங்கி வச்சுக்கிட்டாரு. ஃபோர்மேன்கூட என்ன பேச்சு, வேலைக்குப் போகாதங்காரு. அப்பிடி என்னத்தக் காட்டுனாகன்னு பாக்கணும்."

படம் முடிந்ததும் முதல் ஆளாக ஓடி வந்தாள். அழுகையும் ஆத்திரமுமாக மூச்சு வாங்கியது. எனக்குப் புரிந்துவிட்டது. ஆனைக்குட்டம் போகிற பஸ் மேட்னி முடியும் முன்பே கிளம்பிவிடும். அந்தப் பக்கத்து ஆட்கள் கிளைமாக்ஸுக்கு முன்னால் எழுந்து ஓடுவார்கள். படத்தில் பொண்டாட்டிமேல் சந்தேகம் முற்றுகிற இடத்தில் கணேசன் எழுந்து போயிருக்கிறான்.

"பாவி மனுசன், பாதிப் படத்தப் பாத்துட்டா யக்கா என்னைய இந்தப் பாடு படுத்துனாரு!"

மறு ஞாயிறு

அடுத்த ஞாயிறு இருவரும் வந்தார்கள். பார்த்த படத்தையே எதற்குப் பார்க்க வேண்டும் என்று அவன் வாசலில் முறைத்துக்கொண்டு நின்றான். அவள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கவுண்டரை மூடிவிட்டு, கிளைமாக்ஸ் நேரத்தில் கதவுத் திரையை விலக்கிக்கொண்டு நின்றேன். பஸ்ஸுக்கு ஆட்கள் எழுந்தார்கள். கணேசனும் எழுந்தான். முத்துமாரி அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். திரையில், தன் கள்ளத்தனத்தை மறைக்க மனைவிமேல் பழி போட்ட கணவன் அகப்பட்டான். கணேசன் தலை மெல்லக் கவிழ்ந்தது. அதன்பிறகு அவன் திரையைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் அவளுக்கு ஒரு கலர் சோடா வாங்கி நீட்டினான். "தப்புத்தான், மாரி" என்றான். அவள் கலரை வாங்கவில்லை.

"மொதல்ல போனக் குடுங்க, நாளைக்கு நான் வேலைக்குப் போகணும்."

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தான். இருவரும் அடுத்த பஸ்ஸுக்காக நடந்தார்கள். அவள் முன்னால், அவன் கலர் பாட்டிலோடு பின்னால்.

படம் பார்க்கவே கொடுத்துவைக்காத வேலை என்று அத்தனை வருடம் புலம்பினேனே, உள்ளே ஓடியதைவிட நல்ல படங்கள் வாசலில் ஓடின, எனக்கு மட்டும் ஓசியில்.